முடிச்சும் அவிழவில்லை, கயிறும் அறுபடவில்லை: பணகுடியில் சாய்ந்த ஒரு புல்லட்

ஆடி மாதம் இரண்டாவது வாரம், பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பணகுடியைத் தாண்டி நான்குவழிச் சாலையின் ஓரத்தில் ஜீப்பையும் டிரெய்லரையும் நிறுத்திவிட்டு மூன்று பேர் இறங்கி நின்றோம். தார்ப்பாயை விலக்கினால், அப்பாவின் புல்லட் இடப்பக்கமாகச் சாய்ந்து டிரெய்லரின் பக்கத் தகட்டில் ஹேண்டிலைக் கொடுத்துப் படுத்துக் கிடக்கிறது. டாங்க் மூடியின் ஓரமாகப் பெட்ரோல் சொட்டுகிறது. ஓராண்டுப் பழைய பெட்ரோல் என்பதால் வார்னிஷ் போல ஒரு வாடை.

ஜீப்பை ஓட்டிவந்த பந்தல்கார அண்ணாச்சி புல்லட்டைப் பார்க்கவில்லை. தெற்கே வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்த காற்றாலைகளைப் பார்த்தார். "ஆடிக்காற்று தம்பி. அம்மியே பறக்கும் என்பார்கள், இது எம்மாத்திரம்?" என்றார். என் மைத்துனனும் தலையாட்டினான். நானும்தான். காற்றின் பேரில் பழியைப் போட்டால் யாரும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் வசதியான விளக்கம்.

கயிறுகளை அவிழ்க்கப் போனபோதுதான் அது இடித்தது. நான்கு கயிறுகள் கட்டியிருந்தோம். நான்கு முடிச்சுகளும் போட்டது போட்டபடியே இருந்தன. ஒரு கயிறும் அறுபடவில்லை, ஒரு வளையமும் பிய்ந்து வரவில்லை. கட்டு முழுசாக இருக்கிறது, வண்டி மட்டும் விழுந்துவிட்டது. பாலிடெக்னிக்கில் இருபது ஆண்டுகளாக விசைகளைக் கூறுபோட்டுக் காட்டுகிறவன் நான். இதற்கு விடை தெரியாமல் வகுப்புக்குப் போக வெட்கமாக இருந்தது. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்த்தேன்.

வண்டியும் டிரெய்லரும்

வண்டி 1980களில் வந்த வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் 350. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில் இருக்கும் பழைய அமைப்பு. பிஸ்டன் பிடித்துக்கொண்டதால் பாளையங்கோட்டை வீட்டுத் தாழ்வாரத்தில் சும்மா கிடந்தது. நாகர்கோவிலில் இருக்கும் அத்தான் அதைச் சீர்செய்து ஓட்டுவதாகச் சொன்னார். ஓட்டிக்கொண்டு போக வழியில்லை. தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அதற்காக ரயில் பார்சல் அலுவலகத்தில் போய் நிற்பானேன் என்று தோன்றியது. நின்றிருந்தால் முதல் காரியமாக டாங்கைக் காலிசெய்துகொண்டு வரச் சொல்லியிருப்பார்கள். அந்தப் புத்தி எங்களுக்கு வீட்டிலேயே வந்திருக்க வேண்டும்.

டிரெய்லர் அண்ணாச்சியுடையது. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், ஆங்கிள் இரும்புச் சட்டத்தின்மேல் பிளைவுட் தளம். ஜெனரேட்டர் ஏற்றுவதற்காக வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. முன்பக்கம் முழுக்கச் சாமான் பெட்டி ஒன்று போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. அந்தப் பெட்டிக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு.

ஏற்றிய விதம்

இரண்டு லோடுமேன்கள் வந்தார்கள். பலகையைச் சாய்த்து, வண்டியை நியூட்ரலில் தள்ளி ஏற்றினார்கள். பாதி ஏறும்போது பலகை ஒரு விரற்கடை பின்னால் நழுவியது. பலகையின் தலையை டிரெய்லரோடு கட்டியிருந்தால் அது நடந்திருக்காது. நல்லவேளையாகப் பின்னால் நின்றவர் தோள் கொடுத்தார். பெட்டியின் மூடி திறக்க இடம் வேண்டும் என்று முன்சக்கரத்தைப் பெட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினார்கள். சைடு ஸ்டாண்டைப் போட்டார்கள். ஹேண்டிலின் இரண்டு முனைகளிலிருந்தும் கீழே பக்க வளையங்களுக்கு இரண்டு கயிறு. பின்கேரியரிலிருந்து பின்மூலைகளுக்கு இரண்டு கயிறு. ஒருவர் பக்கத் தகட்டில் காலை உதைத்துக்கொண்டு இழுக்க, இன்னொருவர் முடிச்சுப் போட்டார். கயிற்றை விரலால் சுண்டினால் 'டங்' என்றது. நான் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்த 'டங்' சத்தத்தில் மனம் நிறைந்துபோனது.

பிறகு எல்லாவற்றையும் மூடித் தார்ப்பாய் போர்த்தினோம். கயிறு எப்படி இருக்கிறது, வண்டி எப்படி நிற்கிறது என்று வழியில் யாருக்கும் தெரியாதபடி நாங்களே திரை போட்டுக்கொண்டோம் என்பது பிறகுதான் உறைத்தது. நாங்குநேரியில் டீக்கு நின்றோம், வள்ளியூரில் பழம் வாங்க நின்றோம். இரண்டு இடத்திலும் யாரும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை.

தளத்தில் இருந்த தடயம்

புல்லட்டை இறக்கிப் பணகுடி வரை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய், தெரிந்த மெக்கானிக் கடையில் விட்டோம். இடப்பக்க பிரேக் பெடல் வளைந்திருந்தது, கிளட்ச் லீவர் முறிந்திருந்தது, லெக் கார்டு உள்ளே அமுங்கியிருந்தது, டாங்கில் ஒரு சொட்டை. மெக்கானிக் பெடலை நிமிர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் நான் காலி டிரெய்லரில் ஏறி உட்கார்ந்தேன்.

பிளைவுட்டில் சைடு ஸ்டாண்டின் பாதம் பதிந்த குழி ஒன்று இருந்தது. அரைநிலா வடிவம், ஒரு சென்டிமீட்டர் ஆழம். மேல் அடுக்கு நொறுங்கி அடுத்த அடுக்கு வெளுத்துத் தெரிந்தது. குழியோடு அது நின்றிருந்தால் 'பாரம் தாங்காமல் ஸ்டாண்ட் இறங்கிவிட்டது, வண்டி சாய்ந்துவிட்டது' என்று முடித்திருப்பேன். ஆனால் குழியின் முன்விளிம்பிலிருந்து ஒரு கீறல் புறப்பட்டு, பெட்டியை நோக்கி நேராகப் போய், பிறகு இடப்பக்கமாக வளைந்து முடிந்தது. டேப்பை வைத்துப் பார்த்தேன். நேரான பகுதி மட்டும் 7 சென்டிமீட்டர். பக்கத் தகட்டில் ஹேண்டில் முனை இடித்த பள்ளத்தையும் அளந்தேன். வண்டி நிறுத்திய இடத்திலிருந்து கணக்கிட்டால் அந்தப் பள்ளம் இருக்க வேண்டிய இடத்துக்கு அது ஏறத்தாழ அதே அளவு முன்னால் இருந்தது.

அதாவது புல்லட் நின்ற இடத்திலேயே சாயவில்லை. முதலில் முன்னால் ஓடியது, அதன் பிறகே இடப்பக்கம் விழுந்தது. மேற்கிலிருந்து வீசும் காற்று தெற்கே போகும் வண்டியை இடப்பக்கம் தள்ளலாம். முன்னால் தள்ளாது.

முன்னால் தள்ளக்கூடியது ஒன்றுதான். அண்ணாச்சியிடம் வழியில் எங்காவது அழுத்திப் பிரேக் போட்டீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பணகுடி தாண்டியதும் ஆட்டு மந்தை ஒன்று சாலையில் ஏறியது, அழுத்தித்தான் போட்டேன் என்றார். அப்போது பின்னால் ஏதோ சத்தம் கேட்டதாம். பெட்டிக்குள் சாமான் உருண்டது என்று நினைத்துக்கொண்டாராம்.

சைடு ஸ்டாண்ட் எந்தத் திசையில் மடங்கும் என்பதை நாள்தோறும் காலால் தட்டுகிறோம், ஆனால் நினைத்துப் பார்ப்பதில்லை. வண்டி முன்னால் நகர்ந்தால் அது பின்னோக்கி மடங்கும். புல்லட்டின் நடு ஸ்டாண்டும் அப்படித்தான். வண்டியை முன்னால் தள்ளித்தானே அந்த ஸ்டாண்டிலிருந்து இறக்குகிறோம். எனவே ஓடும் டிரெய்லரில் ஸ்டாண்டை நம்பி நிற்கும் வண்டிக்கு ஒவ்வொரு பிரேக்கும் ஸ்டாண்டை எடுத்துவிடும் கால்தான். 'நடு ஸ்டாண்டில் போட்டால் ஆடாமல் நிற்கும்' என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். வீட்டு முற்றத்தில் நிற்கும், சரிதான். டிரெய்லரில் பின்சக்கரம் அந்தரத்தில் இருக்க, குழியில் விழும் ஒவ்வொரு அடியும் ஸ்டாண்டைச் சட்டத்தோடு இணைக்கும் இரண்டு காதுகள் வழியாகச் சட்டத்தில் இறங்கும். எங்களுடையது நியூட்ரலில் வேறு இருந்தது. பிடித்துக்கொண்ட என்ஜின், கியரில் போட்டிருந்தால் பின்சக்கரம் அசைந்தே இருக்காது. தள்ளி ஏற்றியவர்கள் அப்படியே விட்டார்கள், நானும் கவனிக்கவில்லை.

காற்றின் பங்கு எவ்வளவு

அண்ணாச்சிக்காக இந்தக் கணக்கைப் போட்டேன். பக்கவாட்டில் புல்லட் காற்றுக்குக் காட்டும் பரப்பை, சக்கர ஆரங்களுக்கு இடையே இருக்கும் வெற்றிடத்தையும் மறந்துவிட்டு, தாராளமாக ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அந்தப் பரப்பில் விழும் தள்ளல் ஏறத்தாழ 17 கிலோ. தார்ப்பாய் பாயாகக் காற்றை வாங்கியது என்று இரட்டிப்பாக்கினாலும் 34 கிலோ.

இப்போது மறுபக்கம். சரக்கைக் கட்டுவதற்கு ஐரோப்பாவில் பின்பற்றும் இ.என். 12195-1 என்ற தர விதி, சாலைப் பயணத்தில் சரக்கின் எடையில் 80 விழுக்காடு முன்னோக்கியும், 50 விழுக்காடு பக்கவாட்டிலும் பின்னோக்கியும் தள்ளும் என்று வைத்துக் கட்டச் சொல்கிறது. புல்லட் 170 கிலோ என்று கொண்டால் முன்னோக்கி 136 கிலோ, பக்கவாட்டில் 85 கிலோ. கடும் பிரேக்குக்கும் சடாரென்று ஒடிக்கும் திருப்பத்துக்கும் ஈடுகொடுக்கக் கட்டியிருந்தால் ஆடிக்காற்று அதில் பாதிகூட இல்லை. 34 கிலோவுக்கு விழுகிற கட்டு, ஆவணி மாதத்தில் காற்றே இல்லாத நாளிலும் முதல் திருப்பத்தில் விழுந்திருக்கும். அண்ணாச்சி கணக்கைக் கேட்டுவிட்டு, "காற்றுக்காக வாதாட ஆளில்லை, அதனால் அது ஜெயித்துவிட்டது" என்றார். நல்ல மனிதர். டாங்க் சொட்டைக்குப் பாதிக் காசைத் தானே கொடுத்தார்.

இறுகக் கட்டிய கயிறு எப்படித் தொய்ந்தது

இனி மூலக் கேள்வி. பின்கயிறுகள் இரண்டும் வண்டி முன்னால் ஓடாமல் பிடித்திருக்க வேண்டியவை. முடிச்சு அவிழாமல் இருந்தும் 7 சென்டிமீட்டர் எப்படி விட்டுக்கொடுத்தன?

மெக்கானிக் கடையிலேயே சோதித்துப் பார்த்தோம். புல்லட்டை நேராக நிறுத்தி, லோடுமேன்கள் கட்டியது போலவே ஹேண்டிலிலிருந்து இரண்டு பக்கமும் கயிறு கட்டினோம். இழுக்க முடிந்த அளவு இழுத்தோம். 'டங்' என்றது. பிறகு மெக்கானிக் பையன் ஹேண்டிலில் இரண்டு கைகளையும் ஊன்றித் தன் எடையைப் போட்டான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும், உள்ளே ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் நான்கு விரற்கடை கீழே போனது. கயிறு இரண்டும் பாம்பு போலத் தரையில் நெளிந்தன. கையை எடுத்தான், மறுபடி 'டங்'. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அந்த இறுக்கம் வண்டி அசையாமல் நிற்கும்போது மட்டும் இருக்கும் இறுக்கம். பாலத்து இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் நொடியில் அது இல்லை.

கணக்கும் அதையே சொல்கிறது. தரைக்கு 45 பாகைச் சாய்வில் கட்டிய கயிற்றில், வண்டியின் உடல் 7 சென்டிமீட்டர் இறங்கினால் 5 சென்டிமீட்டர் தொய்வு வரும். பின்பக்க ஸ்பிரிங்கும் அப்படியே. இதோடு கேரியரின் மெல்லிய தகடு வளைந்தது, ஸ்டாண்ட் பிளைவுட்டில் இறங்கியது, கயிறு நீண்டது எல்லாம் சேர்ந்தன. கடையில் நைலான் கயிறு என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் வேறு பிளாஸ்டிக் கயிறு; முடிச்சில் வழுக்கும். உண்மையான நைலானாக இருந்தாலும் அதன் குணமே நீள்வது, நனைந்தால் இன்னும் கூட. கிணற்றில் வாளி இறைக்க அது நல்ல குணம்.

கயிற்றின் சாய்விலும் பிழை. முன்கயிறுகளைக் கட்டிய வளையங்கள் ஹேண்டில் முனைக்கு ஏறக்குறைய நேர் கீழே இருந்தன. தரைக்கு 75 பாகை. அப்படிக் கட்டிய கயிற்றை 100 கிலோ விசையில் இழுத்தாலும் பக்கவாட்டில் தாங்க 26 கிலோதான் மிஞ்சும். 45 பாகையில் அதே இழுப்பு 70 கிலோ தரும். மேலும் ஹேண்டில் முனை என்பது ஒரு நெம்புகோலின் முனை. அங்கே கட்டினால் ஹேண்டில் தன் கிளாம்புக்குள் திரும்பும், கயிறு தானாகவே விட்டுக்கொடுக்கும்.

ஸ்பிரிங்கை வேலைக்கு வைத்தல்

இந்த ஆய்வில் நான் கற்றது ஒன்றே ஒன்று. வண்டியைப் பிடித்திருக்க வேண்டியது கயிறல்ல, ஃபோர்க்குக்குள் இருக்கும் ஸ்பிரிங். ஃபோர்க்கைப் பாதியளவு அமுக்கி, அமுங்கிய நிலையிலேயே கயிற்றுக்குப் பதில் நாடா பெல்ட்டைப் பூட்டிவிட்டால், ஸ்பிரிங் மேலே எழும்ப முயன்றுகொண்டே இருக்கும். அந்த முயற்சிதான் பெல்ட்டின் இறுக்கம். குழியில் சக்கரம் விழுந்து வண்டி இன்னும் கொஞ்சம் அமுங்கினாலும் அடுத்த நொடியே ஸ்பிரிங் பெல்ட்டை இழுத்துப் பிடித்துவிடும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் இதைச் செய்யவே முடியாது. இரண்டு பக்கமும் சமமாக அமுக்க வேண்டும். அதற்கு வண்டி நேராக, இரண்டு சக்கரங்களில் நிற்க வேண்டும்.

எவ்வளவு அமுக்கலாம் என்பதில் மெக்கானிக்கும் நானும் கொஞ்சம் முட்டிக்கொண்டோம். நான் ஆர்வக்கோளாறில் முழுக்க அமுக்கிவிடலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. அடிவரை போய்விட்டால் குழியின் அடி முழுவதும் சட்டத்துக்கும் பெல்ட்டுக்கும் போகும், ஃபோர்க்கின் எண்ணெய் கசியாமல் அடைத்திருக்கும் ஆயில் சீலும் ஒழுகத் தொடங்கும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. பாதியோடு நிறுத்தினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி டிரெய்லரைக் கொண்டுவந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. பெட்டியைக் கழற்றிவிட்டார். முன்தகட்டின் நடுவில் இரண்டு ஆங்கிள் துண்டுகளை 'வி' வடிவில் வெல்டிங் செய்து, முன்சக்கரம் வந்து செருகிக்கொள்ள ஒரு வாய் அமைத்திருந்தார். ஓரத்துச் சட்டத்தில் நான்கு தடித்த வளையங்கள், முன்னிரண்டு சக்கரத்துக்கும் முன்னால், பின்னிரண்டு வாலோரம். சக்கரம் அந்த வாய்க்குள் போய் முன்தகட்டில் முட்டிக்கொண்டால் பிரேக்கின் 136 கிலோவையும் தகடே வாங்கிக்கொள்ளும். பெல்ட்டுக்குப் பாதி வேலை குறைந்தது. பெட்டி போனதால் வண்டி முன்னால் வந்தது, ஜீப்பின் கொக்கியில் கொஞ்சம் கனம் விழுந்தது. டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் இருக்க வேண்டும், பின்னால் கனத்தால் வாலாட்டும் என்பது ஜெனரேட்டர் இழுத்துப் பழகிய அண்ணாச்சிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லாரி உதிரிபாகக் கடையில் நான்கு ராட்செட் பெல்ட் வாங்கியிருந்தேன்; கைப்பிடியை ஆட்ட ஆட்ட 'கிளிக்', 'கிளிக்' என்று பல் பல்லாக இறுகுகிற வகை. பாலியெஸ்டர் நாடா, அதனால் நைலான் போல நீளாது. அறுபடும் சுமையில் மூன்றில் ஒரு பங்கையே நம்புவது வழக்கம் என்பதால் அதற்கேற்ற தடிமனில் எடுத்தேன். முன்னால் ஹேண்டிலை விட்டுவிட்டு, இரண்டு ஃபோர்க் குழாய்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கீழ் 'டீ'யில் துணி நாடாவை வளையமாகச் சுற்றி, அந்த வளையத்தில் கொக்கியை மாட்டினோம். கொக்கி நேராக இரும்பில் உரசாது. அங்கிருந்து பெல்ட் முன்னோக்கியும் வெளியோக்கியும் கீழே இறங்கியது. வலப்பக்கம் இரண்டு கிளிக், இடப்பக்கம் இரண்டு கிளிக் என்று மாறி மாறி இழுத்தோம். ஒரு பக்கத்தை மட்டும் முழுக்க இழுத்தால் வண்டி அந்தப் பக்கம் கோணிக்கொள்ளும். பின்பெல்ட்டுகளை கேரியரில் போடாமல் சட்டத்தில், ஷாக் அப்சார்பர் மேல்முனைக்குப் பக்கத்தில் போட்டோம். பின்பகுதி துள்ளிப் பக்கம் நகராமல் பார்த்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை, அதனால் முன்பக்கத்தின் அளவு இறுக்கம் இல்லை. சட்டத்தின் கூரான ஓரத்தில் நாடா உரசும் இடத்தில் பழைய டியூப் துண்டு ஒன்றை மடித்து வைத்தோம். ஸ்டாண்ட் மேலே மடங்கியே இருந்தது. முதல் கியர். டாங்கில் சொட்டு பெட்ரோல் கிடையாது. தார்ப்பாய் அண்ணாச்சி வீட்டிலேயே.

கிளம்புமுன் மெக்கானிக் ஒவ்வொரு பெல்ட்டையும் கழற்றி, அரை முறுக்கு கொடுத்து மறுபடி மாட்டினார். தட்டையாக இருந்தால் காற்றில் அதிர்ந்து 'உர்ர்ர்' என்று கத்திக்கொண்டே வரும், அந்த அதிர்வில் ஓரம் தேயும், முறுக்கிவிட்டால் வாயை மூடிக்கொள்ளும் என்றார். எந்தப் பாடத்திலும் நான் இதை நடத்தியதில்லை.

காவல்கிணற்றில் முதல் நிறுத்தம். ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஆனால் முன்பெல்ட்டுகள் இரண்டு கிளிக் வாங்கின. டயர் படிந்து, துணி வளையம் இறுகி, முடிச்சில்லாத இடத்திலும் ஏதோ கொஞ்சம் அடங்கியிருக்கிறது. முப்பந்தலில் நிறுத்தி இறங்கினால் சட்டை முதுகில் பாயாக உப்பியது, பேச்சு காதில் விழவில்லை. ஒரு கிளிக். ஆரல்வாய்மொழியில் கைப்பிடியை அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் நிறுத்தவில்லை.

நாகர்கோவிலில் அத்தான் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். டிரெய்லர் நின்றதுதான் தாமதம், ஏறி சைடு ஸ்டாண்டைத் தட்டி இறக்கிவிட்டு, கைக்கு அருகில் இருந்த இடப்பக்க ராட்செட்டைத் திறக்கக் குனிந்தார். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஃபோர்க் இன்னும் பாதி அமுங்கித்தான் இருந்தது. இடப்பக்கத்தை விட்டால் வலப்பக்கப் பெல்ட் மொத்த வண்டியையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அந்தப் பக்கம் ஸ்டாண்ட் கிடையாது. "முதலில் வலப்பக்கம் அத்தான்" என்றேன். வலப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். புல்லட் மெதுவாக நிமிர்ந்து, இடப்பக்கம் சாய்ந்து, ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தது.